தண்டல்காரருக்கு முன்னால் போய்ச் சேரும் பணம்: வட சென்னையில் சிறு உதவி நிதி நடத்த ஒரு முழு வழிகாட்டி

காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ ஒரு வீட்டுக்குத் திடீரென்று பணம் தேவைப்பட்டால் அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும். தருபவர் தண்டல்காரர். காகிதம் கேட்க மாட்டார், கமிட்டி கூட்ட மாட்டார். 10,000 ரூபாய் தண்டல் என்றால் 1,500ஐ முன்பே பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்வைக்கு வட்டி 1,500தான். ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைவதால், சராசரியாக 50 நாள் வைத்திருந்த பணத்துக்கான வட்டி அது. ஆண்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள், நூற்றுக்கு 125ஐத் தாண்டும். நேரம் ஆக ஆக மீட்டர் போல ஏறும் மீட்டர் வட்டி இதைவிடக் கொடூரம். 2003லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. வசூல் மட்டும் நிற்கவில்லை.

தெருவில் நாலு பேர் சேர்ந்து ஒரு உதவி நிதி ஆரம்பித்தால் அதற்குப் போட்டி இந்த மனிதர்தான். "மாசக் கடைசியில கமிட்டி கூடும், அப்ப வாங்க" என்று சொல்லும் நிதிக்குக் காத்திருக்க யாராலும் முடியாது. அந்த வீடு அன்று மாலையே தண்டல் வாங்கிவிடும். பிறகு நீங்கள் கொடுக்கும் 3,000 தண்டல் கட்டத்தான் போகும். எனவே கீழே உள்ள எல்லா ஏற்பாடும் ஒரே கெடுவை வைத்துச் செய்யப்பட்டவை: கேட்ட நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் பணமோ "முடியாது" என்ற பதிலோ போய்விட வேண்டும்.

எதற்குக் கொடுப்பது, எதற்குக் கூடாது

முதலில் இதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மனுவிலும் சண்டை வரும்.

2,000 முதல் 5,000 ரூபாய்க்குள் முழுசாக அடைந்துவிடும் ஓட்டைகளுக்குத்தான் இந்த நிதி. கட்டாமல் கரண்ட் கட் ஆன வீடு, காலியான சிலிண்டர், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் படுத்திருப்பவருக்குத் துணையிருப்பவரின் சாப்பாடும் பஸ் காசும், கடைசித் தேதி நெருங்கிய பரீட்சைக் கட்டணம், மூக்குக் கண்ணாடி, சாவு வீட்டின் முதல் நாள் செலவு. பிழைப்புக்கான கருவி கெட்டுப்போனால் அதற்கு முதலிடம் கொடுங்கள்: தையல் மிஷின் மோட்டார், மீன்பாடி வண்டி டயர், இஸ்திரிப் பெட்டி, டிபன் கடை அடுப்பு. 1,800 ரூபாய் ரிப்பேருக்காக மூன்று வாரம் தொழில் நின்ற வீட்டில், இழந்த கூலி அதைப்போல் பல மடங்கு.

பழைய கடன், கல்யாணம், காதுகுத்து, வீட்டு அட்வான்ஸ், பெரிய ஆபரேஷன் ஆகியவற்றுக்கு வேண்டாம். 80,000 கடனில் 3,000 போட்டால் ஒரு வாரத் தவணைதான் நகரும். ஆபரேஷனுக்கு வேறு வழி உண்டு, பிறகு வருகிறோம். அட்வான்ஸ் விஷயத்தில் மனசு கஷ்டப்படும். ஆனால் நகரத்தில் பல மாத வாடகையை மொத்தமாகக் கேட்கிறார்கள். உங்கள் நிதி அந்தப் பள்ளத்தை நிரப்பாது.

எவ்வளவு பணம் வேண்டும்

மாதம் 500 ரூபாய் தர 60 பேர் இருந்தால் 30,000. இதில் சராசரி 3,000 வீதம் 8 வீடுகளுக்கு 24,000 போகும். மீதி 6,000ஐத் தொடாதீர்கள். வட சென்னையில் கஷ்டம் வருஷம் முழுக்க ஒரே சீராக வருவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கரையில் படகுத் தொழிலாளிகளோடு ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், வலை பின்னுபவர், டீக்கடைக்காரர் எல்லோருக்கும் வரும்படி விழும். தடைக்கால நிவாரணமாக அரசு தரும் 8,000 ரூபாய் மீனவக் குடும்பங்களுக்குத்தான். ஐஸ் உடைப்பவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அது முடியும்போதே ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. கொத்தனார், சித்தாள், பெயின்டர் வீட்டில் அடுப்பு அணையும். ஜனவரியிலிருந்து மாதம் 6,000 சேர்த்தால் ஜூன் தொடக்கத்தில் 30,000 இருக்கும், கூடுதலாகப் பத்து வீட்டுக்குப் போதும்.

பெரிய தொகை ஒருமுறை தருபவரைவிட மாதம் 200 ரூபாய் தவறாமல் தருபவர் இந்த நிதிக்கு அதிகம் உதவுவார். வசூலைத் தேதி ஐந்துக்குள் முடித்துவிடுங்கள்.

கணக்கு யார் பெயரில்

இங்கேதான் பல நல்ல முயற்சிகள் ஆறே மாதத்தில் நின்றுபோகின்றன. ஒருவருடைய சொந்த சேமிப்புக் கணக்கில் ஊர்ப் பணத்தை வாங்காதீர்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அது அவருடைய வரவாகத்தான் தெரியும். வருமான வரி நோட்டீஸ் வந்தால் பதில் சொல்வது அவர் ஒருவர்தான். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் அவருடைய வாரிசுகளிடம் சிக்கிக்கொள்ளும்.

முதல் ஆண்டுக்கு ஏற்கெனவே பதிவான அமைப்பின் நிழலில் நடத்துவது சுலபம். கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபைக் கிளைகள் உண்டு. இருவர் இருவராக வீடு தேடிப் போய்ப் பார்த்து உதவுவது 1833ல் பாரிஸில் தொடங்கியதிலிருந்தே அவர்கள் வழக்கம். ஜமாஅத்துகள், ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களும் இடம் கொடுக்கக்கூடும். இஸ்லாமியரின் கட்டாய தானமான ஜகாத்தாக வரும் பணத்தை மட்டும் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அது யாருக்குப் போகலாம் என்பதற்கு எட்டு வகை வரையறை உண்டு. பொதுப் பணத்தோடு கலந்தால் கொடுத்தவரின் கடமை கெட்டுவிடும்.

தனியாகவே பதிவு செய்வதானால் இரண்டு வழி. சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதியலாம். அல்லது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975ன் கீழ் சங்கமாகப் பதியலாம். அதற்குக் குறைந்தது 7 பேர் வேண்டும். பதிவு முடிந்ததும் அமைப்பின் பெயரில் பான் எண், பிறகு இரண்டு கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்ற நிபந்தனையோடு வங்கிக் கணக்கு. நன்கொடையாளருக்கு வரிச் சலுகை வேண்டுமானால் 12ஏபி, 80ஜி என்று வழக்கமாகச் சொல்லும் வருமான வரித் துறைப் பதிவுகள் தேவை. அதற்குப் பிறகும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்குச் சலுகை கிடையாது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000க்கு மேல் ரொக்கமாகச் செலவழித்தால் அது செலவாகவே ஏற்கப்படாது.

துபாயிலும் சிங்கப்பூரிலும் உறவுக்காரர்கள் இருக்கும் பகுதி இது, "நான் அனுப்பறேன்" என்று கேட்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும், நம் சொந்த அண்ணனாக இருந்தாலும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு இல்லாமல் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். வாங்குவதற்கு முன்பே பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள்.

மனுத்தாள்

ஒரே பக்கம். எழுதத் தெரியாதவருக்குத் தன்னார்வலர் எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். கேள்விகள் இவ்வளவு போதும்:

– வீட்டில் யார் யார், சம்பாதிப்பவர் எத்தனை பேர்
– போன மாதம் வந்தது எவ்வளவு, தினக்கூலியானால் எத்தனை நாள் வேலை கிடைத்தது
– வாடகை, குரூப் லோன், தண்டல் என வாரம் எவ்வளவு போகிறது
– எவ்வளவு வேண்டும், யாருக்குக் கட்ட வேண்டும், கடைசி நாள் எது
– அந்த நாளுக்குள் கட்டாவிட்டால் என்ன ஆகும்

கடைசிக் கேள்விதான் உயிர். "வெள்ளிக்கிழமை ஃபியூஸ் புடுங்கிடுவாங்க", "திங்கக்கிழமை ஹால் டிக்கெட் தர மாட்டாங்க" என்று நாளும் விளைவும் சேர்ந்து வந்தால் அவசரம் உண்மை. "எப்பவும் கஷ்டம்தாங்க" என்ற பதில் வந்தால் அந்த வீட்டின் தேவை பென்ஷன் போன்ற நிரந்தர வரவு. அந்த வழியைக் காட்டுங்கள்.

சாதி கேட்காதீர்கள். ஆதார் நகல் வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள். அது தொலைந்தால் பழி உங்கள் மேல். வருமானச் சான்றிதழையும் கட்டாயமாக்க வேண்டாம். இ-சேவையில் 60 ரூபாய் கட்டி, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று அது நகர்ந்து வருவதற்குள் உங்கள் 72 மணி நேரம் பல முறை முடிந்திருக்கும். தினக்கூலிக்காரருக்கு அதில் எழுதப்படும் தொகையும் குத்துமதிப்புதான். ரேஷன் கார்டைப் பாருங்கள், ஆனால் அதிலுள்ள குறியீட்டை வைத்து ஏழை, பணக்காரர் என்று முடிவு செய்ய வேண்டாம். கார்டே இல்லை என்றால், அது அடகில் இருக்கிறதா என்று மெதுவாகக் கேளுங்கள்.

வீட்டுக்குப் போவது

இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். இருபது நிமிடம். பக்கத்து வீட்டில் விசாரிக்கக் கூடாது. விசாரித்தால் அன்று சாயங்காலமே தெரு முழுக்கத் தெரியும். போட்டோ எடுக்கவே கூடாது. உதவி கொடுக்கும்போது எடுக்கும் படம் நன்கொடையாளரின் ஆசைக்காக எடுக்கப்படுவது. அந்த வீட்டுப் பிள்ளையின் வகுப்புத் தோழன் போனில் அது வந்து நிற்கும்.

முகவரி குழப்பும். பழைய எண், புதிய எண், வாரியக் குடியிருப்பில் பிளாக் எண் என்று மூன்று இருக்கும். மின் இணைப்பு எண்ணைக் குறித்துக்கொண்டால் அதுவே வீட்டுக்கு நம்பகமான அடையாளம்.

புதிய தன்னார்வலர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று: "டி.வி. இருக்கு, மிக்ஸி இருக்கு, இவங்களுக்கு என்ன கஷ்டம்?" 2006க்குப் பிறகு கலர் டி.வி.யும் 2011க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், ஃபேனும் அரசே வீடு வீடாகக் கொடுத்தது. பார்க்க வேண்டியவை வேறு: அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் எண்ணெய், பருப்பு இருக்கிறதா; மாத்திரை அட்டையில் நாள் விட்டுப் போயிருக்கிறதா; பிள்ளைகள் வேலை நாளில் வீட்டில் இருக்கிறார்களா. பிபி, சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்கி விழுங்குகிறார்கள் என்றால் அந்த வீட்டில் பணம் உண்மையாகவே இல்லை.

முடிவு எடுப்பது

மூன்று பேர். 3,000 வரை அவர்களில் இருவர் சம்மதித்தால் போதும், போனிலேயே முடியும். அதற்கு மேல் என்றால் மூவரும் கூடிப் பேச வேண்டும், அதுவும் அதே 72 மணி நேரக் கெடுவுக்குள். வாட்ஸ்அப் குழுவில் பெயர் போடாமல் மனு எண் மட்டும் போடுங்கள். மனுதாரர் உங்கள் உறவு, உங்கள் வாடகைக்காரர், உங்களிடம் வேலை பார்ப்பவர் என்றால் நீங்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டுக்கு 12 மாதத்தில் அதிகபட்சம் இரண்டு முறை.

மறுப்பதானால் மறுநாளே சொல்லுங்கள். காரணத்தையும் அடுத்துப் போகக்கூடிய ஓர் இடத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்று இழுப்பது மரியாதை போலத் தோன்றும். அந்த வீட்டுக்கு அது மூன்று நாள் நஷ்டம்.

பணம் எப்படிப் போக வேண்டும்

முடிந்தவரை கட்ட வேண்டிய இடத்துக்கு நேராகக் கட்டிவிடுங்கள். நம்பிக்கையின்மை இதற்குக் காரணமில்லை. வீட்டில் கைக்குப் பணம் வந்த நேரத்தில் வாசலில் தண்டல்காரர் நின்றால், எவ்வளவு உறுதியான அம்மாவும் அதை நீட்டித்தான் ஆக வேண்டும்.

மின்கட்டணம்: இணைப்பு எண் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் கட்டலாம், ரசீதும் வரும். சிக்கல் உள்வாடகை வீடுகளில். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்குத்தான். ஒரே மீட்டரில் நாலு போர்ஷன் இருந்தால் வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார், பில் இருக்காது. சப்-மீட்டர் அளவை எழுதி வாங்கி, வீட்டுக்காரருக்கு யு.பி.ஐ.யில் அனுப்பி, கையெழுத்திட்ட சீட்டு வாங்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் "பில் இல்லையே" என்று மறுத்தால் மிக ஏழையான வீடுகளையே தள்ளிவிடுவீர்கள்.

மருந்து: மருந்துச் சீட்டோடு கடைக்குத் தன்னார்வலர் கூடப் போவது நல்லது. அரசு மருத்துவமனை மருந்தகத்தில் இலவசமாகக் கிடைப்பதை முதலில் வாங்கச் சொல்லுங்கள். இல்லாததை 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ வாங்கினால் 3,000 ரூபாய் இன்னும் பல நாள் தாங்கும்.

படிப்பு: கல்லூரி இணையதளத்தில் மாணவரின் பதிவு எண்ணில் நேராகக் கட்டுங்கள். தனியார் பள்ளி பாக்கிக்காக டி.சி. தர மறுக்கிறது என்று வந்தால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். கட்டண பாக்கியை வசூலிக்க மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் ஒரு கடிதம், பிறகு மாவட்டக் கல்வி அலுவலகம்.

சாவு வீட்டுக்கு ரொக்கம்தான், அதே நாளில். அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை வீடு கொண்டு சேர்க்க அமரர் ஊர்தி இலவசம், 155377க்கு அழைக்கலாம். தெரியாமல் தனியார் ஆம்புலன்ஸுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிடுகிறார்கள்.

மனுதாரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புவதற்கு முன் ஒரு கேள்வி கட்டாயம்: அந்தக் கணக்கில் இ.எம்.ஐ. பிடிக்கிறார்களா, மினிமம் பேலன்ஸ் பாக்கி இருக்கிறதா? இருந்தால் நீங்கள் அனுப்பிய 3,000 சில நிமிடங்களில் காணாமல் போகும், திரும்ப வராது. ஜன் தன் கணக்கோ தபால் ஆபீஸ் கணக்கோ கேளுங்கள்.

அரசு தர வேண்டியதை நீங்கள் தராதீர்கள்

3,000 ரூபாய் இந்த வாரத்தைத் தாண்ட வைக்கும், அடுத்த வாரத்துக்கு வேறு வரவு வேண்டும். எனவே பணம் கொடுத்த அன்றே ஒரு விண்ணப்பத்தையும் தொடங்கி வையுங்கள்.

ஆபரேஷன் என்றால் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீடு. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இங்கே வருமானச் சான்று தேவை. அதனோடு ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். நோய் வருமுன் எடுத்து வைப்பது எவ்வளவோ நிம்மதி. உதவி வாங்கும் ஒவ்வொரு வீட்டிலும் இந்த அட்டை இருக்கிறதா என்று கேட்பதை மனுத்தாளிலேயே சேர்த்துவிடுங்கள்.

கணவரை இழந்தவருக்கும் ஆதரவற்ற முதியவருக்கும் மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியம். வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். வீட்டு வேலை, ஆட்டோ, கட்டுமானம், தையல் செய்பவர்கள் அந்தந்த அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். பதிந்துவிட்டுப் புதுப்பிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம். விபத்து நடந்த பிறகே அது நினைவுக்கு வரும்.

திருவொற்றியூர், மாதவரம் பக்கத்து மனுக்களில் ஒரு சின்னப் பொறி. 2018 வரை அவை திருவள்ளூர் மாவட்டம். பழைய காகிதத்தைப் பார்த்து இ-சேவையில் அந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பம் தவறான இடத்துக்குப் போய்த் திரும்பும். இப்போது சென்னை மாவட்டம். நகராத விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளும், முதல்வரின் உதவி மையமான 1100 எண்ணும் உண்டு. 1100ல் பேசினால் தரும் மனு எண்ணை எழுதி வையுங்கள், அது இல்லாமல் மறுமுறை பேசிப் பயனில்லை.

எங்கே கெடும்

முதல் உதவி போன பத்தாம் நாள் ஒரு தரகர் முளைப்பார். "நான் வாங்கித் தரேன், 500 குடு" என்று ஐந்து வீட்டுக்கு மனு எழுதிக் கொண்டுவருவார். அடையாளம் சுலபம்: எல்லா மனுவிலும் ஒரே கையெழுத்து, ஒரே தொகை. மனுதாரர் நேரில் வந்தால்தான் மனு என்ற விதி இதைப் பாதி நிறுத்தும். மனு இலவசம் என்று வாசலில் பெரிதாக எழுதி ஒட்டினால் மீதியும் நிற்கும்.

அடுத்து, அரசியல் பட்டியல். "நம்ம ஆளுங்க இருபது பேர், பாத்து செய்யுங்க" என்று வரும். எந்தக் கட்சிக்காரர் என்றாலும் பதில் ஒன்றே: ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து மனு கொடுக்கட்டும். அவர் நன்கொடையாளராகவும் இருந்தால் இன்னும் கண்டிப்பாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தேர்தலுக்குள் நிதி அவருடையதாகிவிடும்.

ரசீது மோசடி பயப்படும் அளவுக்கு வராது. நேராகக் கட்டும் வழக்கம் இருந்தால் அதற்கு வாய்ப்பே குறைவு. தன்னார்வலர் சோர்ந்து போவதுதான் அதிகம் நடக்கும். ஒருவருக்கு மாதம் நாலு வீட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

கணக்கு நோட்டில் மனு எண், தேதி, காரணம், தொகை, யாருக்குக் கட்டியது, ரசீது எண், கேட்ட நேரத்துக்கும் கொடுத்த நேரத்துக்கும் இடைவெளி. கடைசியில் சொன்ன இடைவெளியைத்தான் மாதாமாதம் பாருங்கள். 72 மணி நேரம் 100 ஆகிவிட்டால் எந்தக் கட்டத்தில் தேங்குகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் இரண்டாவது கையெழுத்துக்காரர் ஊரில் இருக்க மாட்டார். மூவரில் எவர் இருவரும் கையெழுத்துப் போடலாம் என்று வங்கியில் மாற்றிவிட்டால் சரியாகும். வருஷக் கணக்கைப் பெயரில்லாமல், காரணவாரியாக, எல்லோரும் பார்க்கும் சுவரில் ஒட்டுங்கள்.

மழைக்கு முன்

புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைத் தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறிவிட்டால் மேலே சொன்ன எந்த நடைமுறையும் ஓடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. அந்த மாதிரி வாரத்தில் மனுவும் வேண்டாம், வீட்டுப் பார்வையும் வேண்டாம். நனைந்த வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரே தொகை, 1,000 ரூபாய், கையில். வடிந்த பிறகு கருவி ரிப்பேர் மனுக்களை வாங்கலாம்.

அக்டோபர் முதல் வாரத்தில் உதவி வாங்கிய எல்லா வீட்டுக்கும் ஒரு ஜிப் வைத்த கெட்டி பிளாஸ்டிக் கவர் கொடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், காப்பீட்டு அட்டை, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் அதற்குள் போட்டுப் பரணில் வைக்கச் சொல்லுங்கள். நனைந்து கிழிந்த ஒரு மார்க் ஷீட்டுக்கு நகல் வாங்க அலையும் நாட்களில் போகும் கூலி, கவர் விலையைப்போல் நூறு மடங்கு.